நீங்களே பதிக்கும் லேமினேட் தரை: வீங்கினால் யார் பொறுப்பு?

பெட்டியைப் பிரித்து, பலகையைச் சாய்த்துச் செருகி அழுத்தினால் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம், ஆள் கூலி வேண்டாம். லேமினேட் தரைப் பலகைகள் இப்படிச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. நான்கைந்து காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஒரு சனி ஞாயிறில் படுக்கையறைத் தரையையே மாற்றிவிடலாம் என்று துணிகிறவர்கள் நம் நகரங்களில் இருக்கிறார்கள். துணிவது தவறில்லை. பொறுமையும் அளவுச் சுத்தமும் உள்ளவர் செய்யக்கூடிய வேலைதான்.

சிக்கல் பின்னால் வருகிறது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பலகைகளின் ஓரம் உப்புகிறது, இணைப்புகள் வாய் பிளக்கின்றன, கால் வைத்தால் தரை அமுங்கி எழும்புகிறது. கடையை அழைத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “பலகையில எந்தக் குறையும் இல்ல சார், நீங்க பதிச்ச முறைதான் தப்பு.”

கடையே ஆளனுப்பிப் பதித்திருந்தால் இந்தப் பதிலுக்கு இடமில்லை. இரண்டு வேலையும் அவர்களுடையது. நீங்களே பதித்தால் பொருள் அவர்களுடையது, வேலை உங்களுடையது. இந்தப் பிரிவினைதான் தகராறின் வேர். நீங்களே பதித்ததால் நுகர்வோர் என்ற உரிமை போய்விடுவதில்லை. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்டத் தேவையான சான்றுகளை, கடைசிப் பலகையைப் பூட்டுவதற்கு முன்பே நீங்கள்தான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். பதித்த பிறகு தரையின் ஈரமும் தெரியாது, பெட்டியின் எண்ணும் கிடைக்காது, சுவரோரம் விட்ட இடைவெளியும் ஸ்கர்ட்டிங் பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும்.

பலகைக்குள் என்ன இருக்கிறது?

‘உட்டன் ஃப்ளோரிங்’ என்று கடைகளில் காட்டப்படுவதெல்லாம் மரப் பலகை அல்ல. லேமினேட் பலகையில் நான்கு அடுக்குகள் உண்டு. மேலே, தேய்மானத்தைத் தாங்கும் அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் படலம். அதன் கீழ், தேக்கு, ஓக் என்று மர ரேகைகள் அச்சிட்ட காகிதம். நடுவில், மரநாரையும் பிசினையும் கலந்து சூட்டில் அழுத்திச் செய்த எச்.டி.எஃப். பலகை. அடியில், பலகை வளையாமல் காக்கும் தாள். ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-ல் உருவாக்கி, 1984-ல் ‘பெர்கோ’ என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தையில் இறக்கிய பொருள் இது. முதலில் பசை தடவித்தான் இணைத்தார்கள். பசையில்லாப் பூட்டு 1990-களின் பிற்பாதியில் வந்த பிறகே, தச்சு தெரியாதவரும் கை வைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

இந்தக் கட்டமைப்பிலிருந்து இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் விளங்கும். மேல் படலம் நீரைத் தடுக்கும். ஆனால் இணைப்பு வழியாகவோ அடியிலிருந்தோ நீர் நடு அடுக்குக்குப் போனால் அது உப்பும், காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இன்னொன்று, இந்தத் தரை கீழே எதனோடும் ஒட்டப்படுவதில்லை. ஃபோம் விரிப்பின் மேல் ஒரே விரிப்பாகக் கிடக்கிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அந்த முழு விரிப்பும் விரியும், சுருங்கும். சுவரோரம் இடம் விடவில்லை என்றால், விரிய வழியில்லாமல் நடுவில் எழும்பும்.

முதலில், பதிக்கலாமா?

நீங்களே பதிக்கும் வேலையில் முதல் முடிவு, எந்த அறையில் பதிக்கக்கூடாது என்பதுதான். குளியலறை, துணி துவைக்கும் இடம், திறந்த பால்கனி ஆகியவை கூடவே கூடாது. சமையலறையையும் தவிர்ப்பது நல்லது. நம் வீடுகளில் இன்னும் சில இடங்கள் உண்டு: ஈரக் கோலம் போடும் பூஜை அறை, வெள்ளிக்கிழமையும் பொங்கலுக்கு முன்பும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கூடம், மழைச்சாரல் அடிக்கும் சன்னலோரம். கழுவித் துடைக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாத வீட்டில் இந்தத் தரை நிலைக்காது.

தரைத்தள வீடுகளில் ஓதம் ஏறும் சுவரைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். சுவரின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு உதிர்ந்து, உப்புப் பூத்திருந்தால் அதே ஈரம் தரையிலும் இருக்கிறது என்று பொருள். கரையான் கோடு ஒன்று தெரிந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் கரையான் மருந்தடிப்பவரை அழையுங்கள்; எச்.டி.எஃப். மரநார்தான், அது கரையானுக்கு உணவு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த சென்னைத் தெருக்களில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் டைல்ஸோடு நிற்பதே புத்திசாலித்தனம். ஒருமுறை வெள்ளம் புகுந்தால் டைல்ஸைக் கழுவிக்கொள்ளலாம். லேமினேட்டை அள்ளித்தான் போட வேண்டும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பது கட்டாயம். அதிலேயே, அல்லது தனிக் கடிதத்தில், காலி செய்யும்போது தரை யாருக்குச் சேரும், பழைய தரைக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு வரி எழுதிக்கொண்டால், முன்பணத்தில் பிடித்தம் என்ற பேச்சு பின்னால் எழாது.

கடையில் பார்க்க வேண்டியவை

தேய்மானத் தரத்துக்கு ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 13329-ஐ ஒட்டி ‘ஏ.சி.’ என்ற குறியீடு உண்டு. ஏ.சி.3 வீட்டின் எல்லா அறைகளுக்கும் போதும், ஏ.சி.4, ஏ.சி.5 ஆகியவை கடை, அலுவலகம் போன்ற நடமாட்டம் மிகுந்த இடங்களுக்கானவை. இந்த எண் தேய்மானத்தை மட்டுமே சொல்கிறது, நீரைத் தாங்கும் திறனைச் சொல்வதில்லை. “ஏ.சி.5 போட்டா தண்ணியே பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்று விற்பனையாளர் சொன்னால் அது தவறான தகவல். ‘வாட்டர் ப்ரூஃப்’, ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்ற சொற்களுக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பெட்டியிலும் உத்தரவாதத் தாளிலும் பாருங்கள். சொன்னதை வாட்ஸ்அப்பிலோ பில்லிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தந்த வாக்குறுதிக்கு மாறாகப் பொருள் இருந்தால், அந்த எழுத்தே உங்கள் முதல் சான்று.

‘25 ஆண்டு உத்தரவாதம்’ என்பதையும் அப்படியே படிக்க வேண்டும். பெரும்பாலான உத்தரவாதங்கள் மேல் படலம் தேய்ந்து போவதற்கு மட்டுமே. நீர்ச் சேதம், கீறல், பதித்த முறையால் வந்த கோளாறு ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கும். ஆண்டு கூடக்கூட ஈட்டுத்தொகை குறைவதும், பெயர்த்து மறுபடி பதிக்கும் செலவு சேராததும் சகஜம். அதே தாளில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: பலகைகளைப் பதிக்கும் முன் பரிசோதிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் குறையுள்ள பலகையைப் பதித்துவிட்டால் பிறகு கோர முடியாது. நீங்களே பதிக்கும்போது அந்தப் பரிசோதகர் நீங்கள்தான்.

பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி நாடு, அளவு, அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். இது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் கேட்பது. எதுவும் அச்சிடாத வெற்றுப் பெட்டியை மலிவு என்று எடுக்காதீர்கள். நாளை நோட்டீஸ் அனுப்ப முகவரி இருக்காது.

அளவும் ஒரு சான்றுதான். 12 அடிக்கு 11 அடி அறை 132 சதுர அடி. வெட்டில் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 145. ஒரு பெட்டி 20 சதுர அடி என்றால் 8 பெட்டி வேண்டும். எல்லாப் பெட்டியிலும் தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சும் பலகைகளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராததே நேர்மையற்ற வணிக முறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று முத்திரை குத்தினாலும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பில்லில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர வேண்டும். எனவே வாங்கிய பெட்டிகளை ஆறு மாதம் பரணில் போட்டு வைக்காமல், வந்த வாரமே திறந்து பாருங்கள்.

மூச்சில் கலக்கும் பிசின்

மரநாரைப் பிணைக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அது சிறிது சிறிதாகக் காற்றில் கலக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் வேகமாக. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் ஆகியவை உடனடி அறிகுறிகள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. வீட்டுக்குள் 30 நிமிடச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு.

அச்சிட்ட முத்திரையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லம்பர் லிக்விடேட்டர்ஸ் விவகாரம் உதாரணம். அந்நிறுவனம் விற்ற, சீனாவில் செய்யப்பட்ட லேமினேட் பலகைகள் கலிபோர்னியாவின் ஃபார்மால்டிஹைடு வரம்பை மீறுகின்றன என்று 2015 மார்ச் 1 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி குற்றம்சாட்டியது. பெட்டிகளிலோ வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை இருந்தது. சில வாரங்களில் நிறுவனம் அந்தச் சரக்கின் விற்பனையை நிறுத்தியது. 2016-ல் அமெரிக்க அரசின் சுகாதார அமைப்பு வெளியிட்ட கணக்கில், ஒரு லட்சம் பேரில் கூடுதலாக 2 முதல் 9 பேருக்குப் புற்றுநோய் வரலாம் என்றிருந்தது. அறையின் உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றாமல் கணக்கிட்டது தெரிந்ததும், அது 6 முதல் 30 பேர் என்று திருத்தப்பட்டது. 2017-ல் வாடிக்கையாளர் வழக்குகளைத் தீர்க்க அந்நிறுவனம் 3.6 கோடி டாலருக்கு உடன்பட்டது.

நம் கடைகளில், ஃபார்மால்டிஹைடு வெளியேற்ற அளவைக் குறிக்கும் ‘இ-1’ தரம் என்று எழுதப்பட்டிருந்தால், அதற்கான சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். சான்றில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பதித்த பிறகு முதல் சில வாரங்கள் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், ஏ.சி. போட்டு மூடிய அறையில் குழந்தையையோ கர்ப்பிணியையோ உடனே படுக்க வைக்காதீர்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை வெந்நீர் அடுப்பிலோ போகி நெருப்பிலோ போடவே கூடாது. எரிவது விறகு மட்டுமல்ல, பிசினும்தான்.

பதிக்கும் முன்: சான்று சேரும் நேரம்

நிறுவனம் தரும் பதிக்கும் முறைக் கையேடு இங்கே சட்ட ஆவணத்துக்கு நிகர். அதில் சொன்னபடி செய்ததைக் காட்ட முடிந்தால், “நீங்க பதிச்ச முறை தப்பு” என்ற வாதம் தளர்ந்துவிடும். கையேடு தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். சரியான பயன்பாட்டு வழிமுறைகளைத் தராதது தயாரிப்பாளரின் பொறுப்புக் குறை என்று சட்டமே சொல்கிறது.

பெரும்பாலான கையேடுகளில் பொதுவாக வரும் அளவுகள் இவை. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும்.

- பெட்டிகளைப் பிரிக்காமல், பதிக்கப்போகும் அறையிலேயே படுக்கை வாட்டில் 48 மணி நேரம் வையுங்கள். அறையின் ஈரப்பதத்துக்குப் பலகை பழக வேண்டும்.
- தரையின் மட்டத்தை இரண்டு மீட்டர் நேர்க்கட்டையும் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள். இரண்டு மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் மேடு பள்ளம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.
- ஈரச் சோதனை: இரண்டடிச் சதுரத் தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் நீர்த்துளியோ, தரை கருத்திருப்பதோ தெரிந்தால் பதிக்காதீர்கள். புதிய சிமென்ட் தளத்துக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது; ஈரப்பத மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு அளந்து எழுதி வாங்குங்கள்.
- சிமென்ட் தளத்தின் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு, ஒன்றின் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறும்படி, டேப் ஒட்டி விரிக்க வேண்டும். அதன் மேல் 2 அல்லது 3 மி.மீ. ஃபோம்.
- சுவர், தூண், கதவுச் சட்டம் எல்லாவற்றையும் ஒட்டி சுமார் 10 மி.மீ. இடைவெளி. அதை சிமென்ட்டாலோ பட்டியாலோ அடைக்காமல், ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் பொருத்த வேண்டும், தரையில் அல்ல.
- அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் நேர்க்கோட்டில் வராமல் குறைந்தது 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.
- தரைக்கு ஆணியோ திருகோ போட்டு அலமாரியைப் பொருத்தக்கூடாது. விரிப்பு நகர முடியாமல் வேறோர் இடத்தில் எழும்பும்.

ஒவ்வொரு கட்டத்தையும் தேதி தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள்: பெட்டியின் எல்லாப் பக்கமும், தொகுப்பு எண்ணும், ரசமட்டம் வைத்த தரையும், பிளாஸ்டிக் தாள் சோதனையும், சுவரோர இடைவெளியில் அளவு டேப் வைத்த படமும். பெட்டி அட்டைகளில் ஒன்றையாவது வெட்டி எடுத்து பில்லோடு வையுங்கள். அதே தொகுப்பைச் சேர்ந்த இரண்டு பலகைகளைப் பிரிக்காமல், ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். பொருளில் குறை உண்டா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாதபோது, நுகர்வோர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். தண்ணீரில் ஊறிய பலகையை விட, பதிக்காத பலகை தெளிவான பதில் சொல்லும்.

உடம்பைக் காத்துக்கொள்ளுங்கள்

அலுமினியம் ஆக்சைடு படலம் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு துள்ளும், துள்ளினால் விரல் போகும். காப்பு மூடியைக் கழற்றிவிட்டு மார்பிள் கட்டரில் பலகை வெட்டும் வழக்கத்தைப் பார்த்துப் பழகாதீர்கள். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஜிக்சாவில் மெதுவாக வெட்டுங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் அணியுங்கள். மரத்தூளும் அதே புற்றுநோய் முகமையின் முதல் வகைப் பட்டியலில் இருக்கிறது. துணி கட்டிக்கொள்வது போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வெட்டினால் தூள் வீட்டுக்குள் தங்காது.

ஸ்கர்ட்டிங்குக்குச் சுவரைத் துளையிடும் முன், சுவிட்ச் பாக்ஸிலிருந்து ஒயர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். சந்தேகம் என்றால் துளையிடாமல் பசையால் ஒட்டுங்கள். கருவிகளை, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மட்டும் சொருகுங்கள். அடுக்ககத்தில் வெட்டுச் சத்தத்துக்குச் சங்கம் நேரம் குறித்திருந்தால் அதை மதியுங்கள். கீழ்வீட்டுக்காரரின் புகார் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும்.

கோளாறு வந்த பிறகு: எது யாருடைய பொறுப்பு?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல புகார்கள் வலுவிழக்கின்றன.

முதலாவது, பொருளில் குறை. பலகை பூட்டிக்கொள்ளவில்லை, கனம் ஒன்றுக்கொன்று மாறுகிறது, மேல் படலம் உரிகிறது, சொன்ன தரம் இல்லை. இதற்குக் குறையை நீக்கித் தருவது, மாற்றுப் பொருள், வட்டியோடு பணம், இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம்.

இரண்டாவது, பொருளால் விளைந்த தீங்கு. சட்டம் இதைப் ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமாக வைத்திருக்கிறது. வாயு வெளியாகி நோய் வந்தது, எழும்பிய பலகை தடுக்கி விழுந்து எலும்பு முறிந்தது போன்றவை இதில் வரும். தரைப் பலகை வீணாய்ப் போனது மட்டும் இதில் சேராது; பொருளுக்கே நேர்ந்த சேதத்தை இந்த அத்தியாயம் தீங்காகக் கொள்வதில்லை. எனவே பலகையின் விலை, மறுபடி பதிக்கும் செலவு ஆகியவற்றை முதல் வழியிலும், உடலுக்கு வந்த தீங்கை இரண்டாவது வழியிலும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தீங்கு நேர்ந்தபோது பொருளைத் தவறாகப் பயன்படுத்தியோ மாற்றியோ இருந்தால், விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க முடியாது. பூட்டு சரியாக உட்காரவில்லை என்று விளிம்பைச் சீவுவது, குளியலறையில் பதிப்பது எல்லாம் அந்த வாதத்துக்குக் கை கொடுப்பவை.

நீர் எங்கிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். அது ஏ.சி.யிலிருந்து சொட்டியதா, குளியலறை வாசற்படியில் கசிந்ததா, மேல்வீட்டிலிருந்து இறங்கியதா? புதிய அடுக்ககமாக இருந்து, குளியலறைக் கசிவோ சுவர் ஈரமோ காரணம் என்றால் கேட்க வேண்டியது கட்டுநரை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத் தரக் குறையையும் கட்டுநர் 30 நாட்களுக்குள் செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். அதனால்தான், ஈரமுள்ள தரையை லேமினேட்டால் மூடுவது ஆபத்து. கட்டுநரின் குறையை நீங்களே மறைத்துவிடுகிறீர்கள்.

எங்கே, எப்படி முறையிடுவது?

கடையிடம் தொலைபேசியில் பேசினாலும், அன்றே மின்னஞ்சலோ கடிதமோ அனுப்பிவிடுங்கள். வாங்கிய தேதி, பில் எண், தொகுப்பு எண், பதித்த தேதி, குறை தெரிந்த தேதி, படங்கள், என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். தயாரிப்பாளருக்கும் நகல் போகட்டும். ஆய்வுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். வந்தவர் என்ன அளந்தார், என்ன முடிவு என்பதை எழுதி வாங்குங்கள். “பதித்த முறை தப்பு” என்றால் கையேட்டின் எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை நிற்கும். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதற்கு ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிச் சமரசம் செய்து பார்க்கும் இடம், செலவில்லை. பொய்யான ‘வாட்டர் ப்ரூஃப்’ விளம்பரம் பலரையும் ஏமாற்றுகிறது என்றால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேதான். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணமே கிடையாது. ஒரு வீட்டின் தரைக்கு வாங்கும் பலகை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை; இணையவழியிலும் பதிவு செய்யலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதும் உண்டு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

வெள்ளமோ, குழாய் வெடிப்போ காரணமாக இருந்து, வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே தெரிவியுங்கள். தரையோடு ஒட்டப்படாத லேமினேட் கட்டடக் கணக்கில் வருமா, உடைமைக் கணக்கில் வருமா என்பதை பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே பதித்து வீங்கிவிட்டதா?

முதலில் செய்யக்கூடாதது, எரிச்சலில் எல்லாவற்றையும் பெயர்த்துக் குப்பையில் போடுவது. நீர் வரும் வழியை அடையுங்கள். எழும்பிய இடத்தைச் சுற்றி நாற்காலி போட்டுத் தடுங்கள். இருக்கும் நிலையிலேயே படமும் காணொளியும் எடுங்கள். கடைக்கு எழுதி, ஆய்வுக்கு ஒரு தேதி குறித்துக் கொடுங்கள். அந்தத் தேதியில் அவர்கள் வராவிட்டால், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து, அவர் முன்னிலையில் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, இடைவெளியையும் தரையின் ஈரத்தையும் அளந்து, கையொப்பத்தோடு அறிக்கை வாங்குங்கள். கழற்றிய பலகைகளில் நான்கைந்தை எடுத்துப் பெயரும் தேதியும் எழுதிக் கட்டி வையுங்கள்.

அந்த அறிக்கையில் குறை உங்கள் பக்கம் என்று வந்தால், வழக்குக்குப் போகாமல் நீர் வந்த இடத்தைச் சரிசெய்து, கெட்ட வரிசைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த பலகைகள் அப்போதும் உதவும். குறை அவர்கள் பக்கம் என்று வந்தால் பில், அட்டை, படங்கள், பிரிக்காத இரண்டு பலகைகள், பொறியாளர் அறிக்கை இவற்றோடு 1915-ஐ அழையுங்கள். இவ்வளவும் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வாய்ச்சொல்லாக வந்த “பதிச்ச முறை தப்பு” என்ற பதிலை, நிறுவனம் எழுத்தில் நிரூபித்துக் காட்டியாக வேண்டும்.